ஷிப்ட் குழம்புக்கு உப்பு

எங்கள் வீட்டு ஷிப்ட் குழம்பை எப்படி வைப்பது என்று இனி என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். பெங்களூரில் இருக்கிற சொந்தக்காரப் பெண்கள் போன் போட்டு, "பெரிம்மா, ஆயா காலத்துக் கொழம்பு, நம்ம பாரம்பரியம், விட்டுடக் கூடாது" என்று கொஞ்சுகிறார்கள். பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. போனில் சொல்லாததை இங்கே எழுதிவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள்.

குழம்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மொச்சைக்கொட்டை, கத்திரிக்காய், கெட்டியாகக் கரைத்த புளி, வறுத்து அரைத்த மிளகாயும் தனியாவும், தட்டிப் போட்ட பூண்டு. எண்ணெய் பிரிந்து மேலே வருகிறவரை சுண்டவிட வேண்டும். சுண்டினால்தான் காலையில் டப்பாவில் போட்டது, சுரங்கத்துக்குள் இருக்கிற சூட்டில் மத்தியானம் வரை கெடாமல் நிற்கும். ஷிப்டுக்குப் போகிற தாத்தாவுக்காக என் அப்பாவைப் பெற்ற ஆயா வைத்த குழம்பு. அதனால் எங்கள் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்.

உப்புக்கு மட்டும் ஒரு முறை உண்டு. கரண்டி கிடையாது. வலது உள்ளங்கையைக் குழித்து, குழி நிறையக் கல்லுப்பு அள்ள வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் மட்டும் சாப்பிடுகிற சட்டிக்கு அவ்வளவு. வெளியாட்கள் யாராவது சாப்பிட்டால் உடனே தண்ணீர் கேட்பார்கள். நாங்கள் சிரிப்போம். மைன்ஸ் சாப்பாடு தாங்காத நாக்கு என்று கேலி பேசுவோம்.

அம்மா குடியாத்தம் பக்கத்திலிருந்து மருமகளாகத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த மைசூர் மைன்ஸ் லைன் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் தன் பிறந்த வீட்டு வழக்கப்படி உப்புப் போட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே வந்த தாத்தாவை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்களாம். கால் நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு, வயிறு சுருட்டிக்கொண்டு, மனிதர் தரையில் கிடந்து துடித்திருக்கிறார். ஆயா உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினாள். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைக் குழித்து, உப்பை அள்ளி வைத்தாள்.

"கீழ போற ஆம்பளைக்கு உப்புதாண்டி உசுரு. இத்தினி போடு. கொறைச்சே, உன் புருஷனும் இப்பிடித்தான் வருவான்."

ஆயா சொன்னது பொய் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆழமான லெவல்களில் பாறையே சுடும். அங்கே வேலை செய்தவர்களுக்கு வேர்வையாக ஓடினது தண்ணீர் மட்டும் இல்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டையின் முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். அம்மா அதைத் துவைக்கும் முன்னால் ஒரு தடவை உதறுவாள். உதறிவிட்டு உள்ளே போய் மறுநாள் குழம்புக்குப் புளி ஊறப்போடுவாள். போன உப்பைத் திரும்பப் புருஷன் உடம்புக்குள் சேர்ப்பது தன் வேலை என்று நினைத்திருந்தாள். அப்பா ஒருநாளும் கால் முறுக்கிக்கொண்டு வரவில்லை. அதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பிறகு மைன்ஸை மூடினார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்தார். வெயில் ஏறுகிறவரை பேப்பர் படிப்பார், ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் டீ குடிப்பார், வருவார். வேர்க்கிற வேலை ஒன்றும் இல்லை. அடுப்பில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதே சட்டி, அதே உள்ளங்கை. சில வருஷத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, பேச்சுப் போய், படுக்கையோடு கிடந்து செத்தார். அதே சட்டியில் சாப்பிட்ட சித்தப்பா ஒருநாள் பல் துலக்கிக்கொண்டே விழுந்தார். எங்கள் லைனில் இன்னும் சில பேர் அதே மாதிரி போனார்கள்.

"மைன்ஸ் மூடின ஏக்கம்" என்றார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் நம்பினேன். வேலை போன மனிதனுக்கு மனசு உடையும், மனசு உடைந்தால் உடம்பு போகும் என்று எவ்வளவு அழகாகப் பேசினோம். இன்றைக்கு நினைத்தால் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருக்கிறது. ஏக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டுத் தட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரே தம்பி. காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிற கூட்டத்தில் அவனும் ஒருத்தன். ஒரு கம்பெனி ஸ்டோரில் ஏசி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். மேலுக்கு ஒரு ஸ்வெட்டர் வேறு. அவன் டப்பாவிலும் ஷிப்ட் குழம்புதான். அம்மா தன் உள்ளங்கை முறையைத் தம்பி பெண்டாட்டிக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். அவள் தன் வீட்டு வழக்கத்தை மறந்து, மாமியார் மெச்ச வேண்டும் என்று அச்சுப் பிசகாமல் போட்டாள். ரயிலில் கூட வருகிற எங்கள் லைன் பையன்கள் அவன் டப்பாவுக்கு அடித்துக்கொள்வார்கள் என்று வந்து சொல்வான். அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க முகம் பூரித்திருக்கும்.

முதலில் கணுக்கால் வீங்கியது. ரயிலில் நின்றுகொண்டே போகிறவனுக்கு வீங்காதா என்றோம். காலையில் முகம் உப்பியிருந்தது. தூக்கம் போதவில்லை என்றோம். பிபி இருக்கிறது என்று கம்பெனியில் எடுத்த டெஸ்டில் வந்தது. மாத்திரையை நாலு நாள் போட்டான், தலைவலி நின்றது, விட்டுவிட்டான். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டபோதுதான் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்றார்கள். பிபி வருஷக்கணக்காக அரித்துத் தின்றிருக்கிறது.

டாக்டர் சின்ன வயசுப் பெண். கன்னடக்காரி, எங்களுக்காகத் தமிழில் பேசினாள். வீட்டில் உப்பு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையைக் குழித்துக் காட்டினாள். பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி காட்டினாள்.

"எத்தனை பேருக்கும்மா?"

"எங்க வூட்டுக்கு. எங்க மாமியாரு காட்டிக் குடுத்த அளவு. கீழ போறவங்களுக்கு இத்தினி வேணும்."

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "இவரு கீழ போறவரு இல்லையேம்மா" என்று மட்டும் சொன்னாள். அப்பாவும் சித்தப்பாவும் அந்த ஒரு நிமிஷத்தில் இன்னொரு தடவை செத்தார்கள். அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு, "சீக்குக்காரனுக்குத்தான் தெம்பு வேணும்" என்றாள். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மனசு வரவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

டயாலிசிஸுக்காகக் கோலாருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். உப்பு அடியோடு கூடாது, தண்ணீரும் அளந்துதான். தம்பி பெண்டாட்டி அவனுக்குத் தனியாக உப்பில்லாமல் பொங்கினாள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குவான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எடை ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. ஏன் என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் நாங்கள் விழித்தோம். ஒருநாள் அவன் தட்டை எடுத்த பெண்டாட்டி, சோற்றுக்கு அடியில் கரையாத கல்லுப்பைப் பார்த்துவிட்டாள். அம்மாவின் இடுப்பில் சொருகியிருந்த பேப்பர் பொட்டலத்தை உருவி எடுத்தாள்.

"உங்க புள்ளைய நீங்களே கொல்றீங்க அத்த!"

"நான் கொல்றனா? சப்புன்னு சோத்தப் போட்டு நீதாண்டி கொல்ற. எழுந்து நிக்கத் தெம்பு இல்லாம கெடக்குறான், கண்ணு தெரியல?"

"டாக்டரு சொன்னது காதுல உழலியா?"

"டாக்டரு இன்னா கேஜில எறங்கினவளா? கால் முறுக்கிக்கினு வந்தவன அவ பார்த்தாளா? நான் பார்த்தண்டி."

இரண்டு பேரும் ஒருத்தனுக்காகத்தான் அழுதார்கள். சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது பொட்டலம் கிழிந்து தரையெல்லாம் உப்பு. தம்பி கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். உப்பு ஜாடியை எடுத்து என் தையல் கடைக்குக் கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஜாக்கெட் தைக்க வந்த ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, கண்ணேறு கழிக்கவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அம்மா அதன்பிறகு என்னோடு பேசவில்லை. தம்பி உடம்பில் வீக்கம் கொஞ்சம் வற்றியது. பிழைத்துவிடுவான் என்றுகூட நான் நினைத்தேன். ஆனால் இதயமும் கெட்டுவிட்டிருந்தது. அந்த டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்க, ஆசைப்பட்டதக் குடுங்க என்றாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்தது. பஸ்ஸில் அவள்தான் என் கையை முதலில் பிடித்தாள்.

என்னடா வேண்டும் என்று கேட்டதற்கு, ஷிப்ட் குழம்பு என்றான். நான் கடையிலிருந்து ஜாடியைத் திருப்பி எடுத்து வந்தேன். அம்மா யாரையும் அடுப்புப் பக்கம் விடவில்லை. மொச்சையை வேகவைத்து, புளி கரைத்து, உள்ளங்கை குழித்து உப்பை அள்ளிப் போட்டாள். வீடு முழுக்க அந்த வாசனை. தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து வாசனை பிடித்தான். அந்த முகத்தில் அவ்வளவு நாளுக்கப்புறம் ஒரு சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாகப் போகிறவனைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அம்மா பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். அவன் மென்றான். முகம் கோணியது. விழுங்க முடியாமல் அம்மாவின் கையிலேயே துப்பிவிட்டான்.

"உப்பு கரிக்குதும்மா."

அம்மா மிச்சச் சோற்றை எடுத்துத் தன் வாயில் போட்டுப் பார்த்தாள். "சரியாத்தாண்டா கீது. எப்பயும் போலத்தான் கீது."

"ரொம்ப கரிக்குது. எப்பிடிம்மா இத்த துன்னோம்?"

அவன் குறை சொல்லவில்லை. ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான். உப்பில்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு தெளிந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் குழம்பை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். வெறும் சோறு போதும் என்றான். பெண்டாட்டி கொண்டுவந்தாள், இரண்டு வாய் சாப்பிட்டான்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மா சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். திரும்பவும் தொட்டு வைத்தாள். நான் பக்கத்தில் போனதும் நிமிராமலே கேட்டாள்.

"மைன்ஸ் மூடினப்பறம் உங்கப்பாவுக்கும் கரிச்சிருக்குமாடி?"

"அவரு ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சொல்லமாட்டாரு. போட்டதத் துன்னுட்டு எழுந்து பூடுவாரு."

அவளைத் திட்டவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் சட்டியை வாங்கிக் கழுவி வைத்தேன். தம்பி அந்த வாரமே போய்விட்டான்.

முப்பதாம் நாள் படையலுக்குச் செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பது வழக்கம். படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்து ருசி பார்க்கக் கூடாது. கை அளவுதான். அவனுக்குப் பிடித்தது ஷிப்ட் குழம்பு என்று ஊருக்கே தெரியும். நான் அடுப்பில் நின்றேன், அம்மா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்தாள். குழம்பு கொதித்து வந்தபோது தம்பி பெண்டாட்டி உப்பு ஜாடியைத் திறந்து அம்மா முன்னால் நீட்டினாள். பழைய சண்டையை அவள் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

"நீங்களே போடுங்க அத்த. இன்னிக்காவது அவரு உங்க கையால துன்னட்டும்."

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போடாத. டாக்டரு சொன்னாங்க இல்ல? அவனுக்கு உப்பு ஆவாது."

தம்பி பெண்டாட்டி ஜாடியை மூடினாள். குழம்பை அப்படியே இறக்கி அவன் இலையில் ஊற்றினோம்.