அக்காவின் நெஞ்சுக்குள் ஒரு தனி வழி

அக்காவுக்கு வலது நுரையீரலில், அதே இடத்தில், திரும்பத் திரும்ப நிமோனியா. இன்று சிடி ஸ்கேன் முடிவு. ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் வரும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கட்டியா இருந்தா என் பிள்ளைங்கள யாருடா பாத்துக்குவா?"

"ரிப்போட்டே இன்னும் பாக்கல, அதுக்குள்ள ஒப்பாரியாக்கா? சும்மா இரு லா."

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலேயே ஒரு சின்னக் குழாய் தனியாகக் கிளம்பி, வலது நுரையீரலின் உச்சிக்குப் போகிறது.

"கட்டி இல்லம்மா. பொறக்கும்போதே இப்படித்தான், ரொம்ப அபூர்வம். அந்தப் பக்கம் சளி சரியா வடியல. ஆப்பரேஷன் இப்ப வேணாம். ஆனா எப்பவாவது மயக்க மருந்து குடுக்கறதா இருந்தா, இத முதல்ல சொல்லிடுங்க, மூச்சுக்கு விடற குழாய் இந்த வழிய அடைச்சிடலாம்."

தொழிற்சாலையில் நாள் முழுக்கச் சர்க்யூட் போர்டுகளை எக்ஸ்ரேயில் பார்ப்பவன் நான். வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஒரு தடம் ஓடினால், யோசிக்காமல் ரிஜெக்ட்.

இங்கே வரைபடத்தில் இல்லாத வழியில் இத்தனை வருடமும் காற்று போய் வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இவள் சிரித்திருக்கிறாள், பாடியிருக்கிறாள், என்னைத் திட்டியிருக்கிறாள்.

அக்கா அந்த ஸ்கேன் படத்தைப் போனில் எடுத்து, தலைகீழாகத் திருப்பி வாட்ஸ்அப் முகப்புப் படமாகப் போட்டுவிட்டாள்.

சொந்தக்காரர்கள், "அழகா இருக்கே, என்ன மரம்?" என்று கேட்கிறார்கள். அந்த மரத்துக்கு நீங்களே ஒரு பேர் சொல்லுங்கள்.