பதினோரு துண்டு தூரம்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் அத்தை. அண்ணன் மகள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். பிறகு அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள். கடைசியில் கூடப் பிறந்த அண்ணனே "அத்தை, ஒரு டீ" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அவளுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் உண்டு என்பது வேலை செய்யும் இடத்து வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலை ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில். ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இடது முனை அவளுடையது. வலது முனைக்காரிக்கு வாய் ஓயாது, அதனால் ரேடியோ என்று பெயர். ரேடியோ பேசும், அத்தை கேட்பாள். அவள் கல்யாணம் எட்டே மாதத்தில் முடிந்துபோனதற்கும் இந்தப் பேசாத வாய்தான் காரணம். "கல்லு மாதிரி இருக்கா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவளுக்கு அண்ணன் வீட்டில் பின்னறை கிடைத்தது. ஒரு கட்டில், ஒரு அலமாரி, வீட்டார் தூக்கிப்போட மனசில்லாத பழைய சாமான்கள், அவற்றோடு சேர்த்து அவளும்.

அண்ணி கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. கொடுமைக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அண்ணி மெனக்கெட்டதே இல்லை. சத்தம் பிடிக்காது, அவ்வளவுதான். அத்தையும் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கப் பழகிக்கொண்டாள். தண்ணீர்க் குழாயைத் திறந்தால்கூட யார் திறந்தது என்று தெரியாது. அந்த வீட்டில் நல்ல பெயர் வாங்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

ஒருநாள் ஹோட்டலின் பெரிய ஹாலில் நாய்க் கண்காட்சி நடந்தது. மேஜை விரிப்புகளைத் திரும்ப எடுத்து வர அவளை அனுப்பினார்கள். ஹாலின் மூலையில் கோட்டு போட்ட ஒரு ஆள் ஒரு வெள்ளை நாயைத் தூக்கிக் கூண்டுக்குள் வைத்து, தாழ்ப்பாளைப் படாரென்று சாத்திக்கொண்டிருந்தார். முழங்கால் உயரம், பட்டு மாதிரி முடி, வாரி வகிடெடுத்து விட்டிருந்தது. ஏழு வயதாகிவிட்டதாம். இரண்டு பல் விழுந்துவிட்டதாம். இனிமேல் பரிசு வராதாம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, அந்த ஆள் விளையாட்டுக்குக் கேட்டார்.

"வேணுமாம்மா? கூண்டோட எடுத்துட்டுப் போங்க."

யாராவது அவளிடம் "வேணுமா?" என்று கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! கையில் பதினேழு விரிப்புகளோடு நின்றவள், "வேணும்" என்றாள். சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

நாய்க்காரர் கூண்டின் மேல் ஒரு மெல்லிய கறுப்புத் தோல் வாரை வைத்தார். "இதைக் கழுத்துல போட்டு, நேரா மேல தூக்கிப் பிடிங்க. இன்னொரு கையால வாலைத் தூக்கி விடுங்க. அப்படியே சிலை மாதிரி நிக்கும். எம் பொழைப்பே அதுதான். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், திருப்பிக் கொண்டு வராதீங்க. எங்கிட்ட இடம் கிடையாது. வந்துச்சுன்னா நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசிதான்."

அவள் வாரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. வாரை உபயோகிக்கப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். பின்னே எதற்குக் கேட்பது?

வீட்டில் அவள் எதிர்பார்த்த ரகளை நடக்கவில்லை. அண்ணிக்கு நாயின் முடி பிடித்துப்போயிற்று. "பொம்மை மாதிரி இருக்கே! இருக்கட்டும். ஆனா ஒண்ணு, சத்தம் வரக் கூடாது. ஒருநாள் குரைச்சாலும் மறுநாள் இங்க இருக்காது."

குரைப்பதாவது! அது மூச்சு விடுவதே கேட்காது. கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வழுவழுப்பான தரையில் கால் வைக்கத் தெரியவில்லை, நாலு காலும் நாலு பக்கம் போயிற்று. சோற்றை வைத்தால் யாராவது உத்தரவு கொடுக்கட்டும் என்று தட்டுக்கு முன்னால் நின்றது. ஏழு வயது நாய்க்குப் படி என்றால் என்னவென்று தெரியாது, புல் என்றால் என்னவென்று தெரியாது. கையிலும் கூண்டிலும் மேஜை மேலும் வாழ்ந்த பிறவி. அத்தை அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

டிவியில் ஒருநாள் ஏதோ நிகழ்ச்சியில் கூட்டம் கைதட்டியது. கதவோரம் தலை நீட்டிய துரை சட்டென்று கால்களை அகட்டி ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, வாலைத் தூக்கி, அசையாமல் நின்றது. உடம்பு மட்டும் நடுங்கியது. கைதட்டல் நின்றதும் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. அண்ணன் மகளுக்கு அன்றைக்குப் பிடித்தது கொண்டாட்டம். சாப்பிட உட்கார்ந்தால் போதும், "அத்தை, பாருங்க பாருங்க" என்று கைதட்டுவாள். அண்ணனும் சேர்ந்துகொள்வான். நாய் நிற்கும், நடுங்கும். அவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும் அத்தைதான். "வேண்டாம், விட்டுடுங்க" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வரும். அதற்கு மேல் வந்ததில்லை.

சொல்லத் தெரியாதவள் கையால் செய்யத் தொடங்கினாள். ஹோட்டலில் நைந்துபோன துண்டுகளைக் கழித்துப் போடுவார்கள். அதில் பதினொன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றை விரித்து, அதன்மேல் சோற்றைப் பருக்கை பருக்கையாக இறைத்தாள். பிறகு நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவில்லை. யாரும் பார்க்காதபோது சாப்பிடுவது எவ்வளவு நிம்மதி என்று அவளுக்குத் தெரியாதா? நாலாம் நாள் முதுகுக்குப் பின்னால் நக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் இரண்டாவது துண்டு. அதற்கடுத்த வாரம் மூன்றாவது. வாரத்துக்கு ஒரு துண்டாகக் கட்டிலிலிருந்து அறை வாசல், அங்கிருந்து ஹால், ஹாலிலிருந்து கொல்லைக் கதவு. "என்ன இது, வீடா வண்ணான் துறையா?" என்று அண்ணி காலால் ஒதுக்குவாள். அவள் போனதும் அத்தை குனிந்து நேராக்குவாள். பதினோராம் வாரம் துரை கடைசித் துண்டில் நின்று, வெளியே மண்ணை மோந்து பார்த்துத் தும்மியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். வெறும் தரையில் நடக்க வந்தது. கூண்டு கொல்லையில் கிடந்தது, அண்ணி அதில் பழைய செருப்புகளைப் போட்டு வைத்தாள்.

துரை வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அண்ணி வெளியே போயிருந்த ஒரு காலையில் மீட்டர் பார்க்கிறவர் வந்தார். துரை கதவுக்கு ஓடி, "லொள்" என்றது. சொல்லிவிட்டு, யார் குரைத்தது என்று பின்னால் திரும்பிப் பார்த்தது! அத்தைக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னம்மா, நாய்னா குரைக்காதா? இதுக்குப் போய் அழுவுறீங்க?" என்றார் அவர்.

"எங்க அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள்.

மறுநாள் உருளைக்கு முன்னால் நின்று ரேடியோவிடம் அதைச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் ரேடியோ வாயை மூடிக் கேட்டது அன்றைக்குத்தான். கேட்டுவிட்டு, "குரைக்கக் கத்துக் குடுத்துட்டு, குரைக்காதேன்னும் சொல்லணும். எப்படிச் சமாளிக்கப் போற?" என்றாள். அத்தை அதை யோசித்திருக்கவில்லை. அன்று முழுக்க விரிப்புகள் கோணலாகவே போயின.

அண்ணனின் மேனேஜர் மனைவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தார். அண்ணி போனிலேயே அளந்து வைத்திருந்தாள், தங்கள் வீட்டில் சாம்பியன் நாய் இருக்கிறது என்று. துரையை அறையில் வைத்துச் சாத்தலாம் என்று அத்தை எழுவதற்குள் அது தானாகவே வந்துவிட்டது. வெறும் தரையில், தலை நிமிர்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதர்களை நோக்கி. பயந்துகொண்டே பார்த்தாலும் அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை.

"அட, எவ்ளோ அழகு! சாம்பியன்னா பல்லெல்லாம் நல்லாயிருக்கணுமே" என்று மேனேஜரம்மா குனிந்து, இரண்டு கையாலும் அதன் தாடையைப் பிடித்து, உதட்டைத் தூக்கினாள்.

கண்காட்சியில் எத்தனையோ பேர் அந்த உதட்டைத் தூக்கியிருப்பார்கள். அப்போதெல்லாம் நின்ற நாய்தான். இப்போது முகத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, இரண்டு அடி பின்னால் போய், ஓங்கிக் குரைத்தது. கடிக்கவில்லை. பல்லைக்கூடக் காட்டவில்லை. வேண்டாம் என்று சொன்னது, அவ்வளவுதான். அத்தைக்கு ஐம்பது வருஷத்தில் வராதது அதற்கு ஆறு மாதத்தில் வந்திருந்தது.

மேனேஜரம்மா அலறி நாற்காலியில் ஏறிக்கொண்டாள். மேனேஜர் கையிலிருந்த டம்ளர் சட்டையில் கவிழ்ந்தது. அண்ணி முகம் கறுத்துப் போயிற்று.

"நாளைக்குக் காலையில இந்தச் சனியன் இங்க இருக்கக் கூடாது" என்றான் அண்ணன். "எங்கேர்ந்து தூக்கிட்டு வந்தியோ அங்கேயே கொண்டு போய் விட்டுடு."

"அங்க விட்டா ஊசி போட்டுடுவாங்கண்ணா."

"போடட்டுமே. பைத்தியம் பிடிச்ச நாய்க்கு வேற என்ன பண்ணுவாங்க?"

"பைத்தியம் இல்லண்ணா. அது..." என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். அதற்கும் இது வீடுதான், உதட்டைத் தூக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்னறைக்குப் போனாள். அலமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த கறுப்பு வாரை எடுத்து வந்தாள்.

துரை அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வாரைப் பார்த்ததும் வால் நின்றுபோயிற்று. கழுத்தில் போட்டாள். நேராக மேலே தூக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் வாலைத் தூக்கி விட்டாள். கால்கள் அகன்று ஊன்றிக்கொண்டன, கழுத்து நிமிர்ந்தது, கண்ணில் இருந்தது எங்கோ போய்விட்டது. ஆறு மாதப் பாடு அழிந்துபோக அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சாதுதான் மேடம், பாருங்க" என்றாள் அத்தை. "இப்ப தொட்டுப் பாருங்க."

மேனேஜரம்மா இறங்கி வந்து உதட்டைத் தூக்கினாள். நின்றது. எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு பல்லு இல்லையே!" என்று சிரித்தாள். காதை இழுத்தாள், வாலைப் பிடித்தாள். நின்றது. அண்ணன் மகள் கைதட்ட, எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றான் அண்ணன். "ஆனா இனிமே இப்படித்தான் இருக்கணும்."

சாப்பிட்டார்கள், போனார்கள். அத்தை வாரைக் கழற்றி, "போதும் துரை, வா" என்றாள். அது அசையவில்லை. சோற்றை இறைத்தாள், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நக்கும் சத்தம் வரவில்லை. பழைய துண்டைக் கொண்டுவந்து பக்கத்தில் விரித்தாள். தூக்கிக்கொண்டு போய்த் தன் அறையில் விட்டாள், அங்கேயும் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றது. பின்னங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஹோட்டல் வரவேற்புக்குப் போன் போட்டுக் கெஞ்சி நாய்க்காரரின் நம்பரை வாங்கி, அவரைக் கூப்பிட்டாள்.

"சார், நிக்க வெச்சுட்டேன். போதும்னு சொல்ல என்ன வார்த்தை சொல்லணும்?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "வார்த்தையெல்லாம் கிடையாதும்மா. ஷோ முடிஞ்சதும் தூக்கிக் கூண்டுல வெச்சுத் தாழ்ப்பாள் போடுவோம். அந்தச் சத்தம் கேட்டாதான் விட்டாச்சுன்னு அதுக்குத் தெரியும்."

கொல்லைக்குப் போய்ச் செருப்புகளைக் கொட்டினாள். கூண்டைத் துடைத்துக் கட்டில் அருகில் வைத்து, துரையைத் தூக்கி உள்ளே விட்டாள். அதன் நெஞ்சு அவள் உள்ளங்கையில் தடதடவென்று அடித்தது. எந்தக் கதவையும் சத்தமில்லாமல் மூடிப் பழகியவள், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாழ்ப்பாளைப் படாரென்று போட்டாள்.

துரை படுத்துக்கொண்டது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. கம்பிக்குள் விரலை விட்டு, "மன்னிச்சுக்கோடா" என்றாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

"அங்க என்ன சத்தம்?" என்று அண்ணி சமையலறையிலிருந்து கேட்டாள். "பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கு, அத்தை."

"ஒண்ணுமில்ல அண்ணி. இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போனாள்.