வழிக்குச் சுட்ட ரொட்டி

ஹட்டனில் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் யூதர்களின் வரலாற்றைப் படிக்கிறது. நஸீமா டீச்சர் புளிக்காத மாவில் ரொட்டி சுட்டு வந்திருந்தார்.

"அடிமையா இருந்த எகிப்த விட்டு யூதருங்க அவசரமா கெளம்புனாங்க, மாவு புளிக்க நேரமில்ல. இப்பவும் அத நெனச்சுக் கொண்டாடுற பாஸ்கா பண்டிகை அன்னைக்கு, எதுக்கு இந்த ரொட்டின்னு வீட்டுல சின்னப்புள்ள கேக்கணும். பெரியவங்க முழுக்கதையும் சொல்லணும்" என்றார்.

கருகிய மாவின் வாசம் என்னைச் சின்ன வயதில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு இழுத்துப் போனது. தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி அத்தை குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், மறுநாள் பயணம். அத்தை ரொட்டியாகச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். மாமா அதைத் துணியில் கட்டி, தலையணை என்று தலைக்கு வைத்துப் படுத்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம்.

"எதுக்கு அத்தை இம்புட்டு ரொட்டி?" என்று கேட்டேன். வீட்டில் நான்தான் சின்னவள்.

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை சூடான துண்டொன்றைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு என் வாயில் திணித்தார். "சாப்புடுடி தங்கம்."

அதன் பிறகு வீட்டில் யாரும் அவர்கள் போன பேச்சை எடுக்கவேயில்லை.

"நம்ம ஆளுங்களும் இப்பிடிப் போனாங்களாம்மா?" வாசிப்பு வட்டத்தில் என் பக்கத்திலிருந்த மகள் கேட்டாள்.

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அத்தையின் கதையை முழுக்கச் சொல்லத் தொடங்கினேன்.