நாலு மணிக்குத் தண்ணீர்

எங்கள் ஆஸ்பத்திரி கைமாறிய வருஷம், என் வெள்ளைச் சேலை போய் நீல நிறக் கோட்டு வந்தது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் சிஸ்டர். ஒரே நாளில் நர்சிங் மேனேஜர் ஆகிவிட்டேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தல்லாகுளம் ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் எந்த பாங்க்கில் வேலை என்று கேட்டார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அதுவரை ஒரு டாக்டர் தம்பதி நடத்திய ஆஸ்பத்திரி அது. வயதான பிறகு சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு மேல் ஒருவர் படுத்திருந்தால் கட்டிலுக்குக் கீழே ஒருவர் படுத்திருப்பார். பாய், பிளாஸ்க், கூடை, அதற்குள் தூக்குவாளி. நோயாளிக்குத் துடைத்துவிடுவது, ஊட்டுவது, மூத்திரக் கேன் வைத்து எடுப்பது எல்லாம் அந்தக் கீழே படுத்திருப்பவரின் வேலை. ஊசியும் மருந்தும் மட்டும் எங்கள் வேலை. ரவுண்ட்ஸ் போகும்போது பாயைச் சுருட்டச் சொல்லிக் கத்தியே என் தொண்டை கெட்டது.

புதிதாக வந்த நிர்வாக அதிகாரி சின்ன வயதுக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் மீட்டிங்கில் இனிமேல் வார்டுக்குள் உறவுக்காரர்கள் தங்கக் கூடாது, மாலை நாலு முதல் ஆறு வரை பாஸ் வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்க்கலாம் என்றார்.

நான் எழுந்து கேட்டேன். "எந்திரிக்க முடியாம கிடக்குற ஆளுக்கு யார் சார் கேன் வைக்கிறது?"

"அதுக்குத்தான நர்ஸ் இருக்காங்க மேடம்? இத்தன நாளா உங்க வேலைய அவங்க வீட்டாளுங்க பாத்துட்டு இருந்தாங்களா?"

நான் உட்கார்ந்துவிட்டேன். நர்சிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். நான் என் நர்ஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். செய்யாமல் விட்டதைத்தான் அந்தப் பையன் கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த சிஸ்டர்மார் மேஜையைப் பார்த்தார்கள். ஆண் உதவியாளர்களைக் குறைத்துவிட்டு மூன்று மாடிக்கு ஒருவரை வைத்திருக்கிறீர்களே என்று கேட்டிருக்கலாம். அது எனக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

வாட்ச்மேன் சொல்லுக்கு யாரும் அடங்கவில்லை என்பதால் முதல் வாரம் என்னையே கேட்டில் நிறுத்தினார்கள். "பெத்த தாயி உள்ள கிடக்கா, என்னைய வெளிய நிக்கச் சொல்றியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் பழங்காநத்தத்திலிருந்து சாப்பாட்டோடு வந்து, ஆறிப்போகும்வரை நின்று, என் காலடியில் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே ஒரு வேப்பமரம். மெல்ல மெல்லப் பெண்கள் அதன் நிழலில் உட்காரப் பழகிக்கொண்டார்கள். தினமும் முதலில் வருபவர் ஒரு சௌராஷ்டிரக்கார அம்மா. கணவர் தறி நெய்பவர், இடுப்பு எலும்பு உடைந்து ஆண்கள் வார்டில் இருந்தார். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பார்க்கும்போதெல்லாம் "மணி என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று மட்டும் கேட்பார். திட்டியவர்களைவிட அவரிடம்தான் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

நியாயமாகச் சொன்னால் வார்டு சுத்தமானது. ஈ இல்லை, சாம்பார் வாடை இல்லை. ஆண்கள் எலும்பு வார்டில் பெல் அடிக்கும் சத்தமே அபூர்வம். மீட்டிங்கில் அதிகாரி அதைச் சொல்லிப் பாராட்டினார். "பாருங்க, பேஷன்ட்ஸ் எவ்ளோ அமைதியா இருக்காங்க." எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பா கோச்சடையில் சைக்கிளோடு விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அப்பா மிஷன் ஸ்கூலில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எலும்பு வார்டிலேயே காலில் எடை கட்டித் தொங்கவிட்டு, அசையாமல் படுக்க வைத்தார்கள். சேர்ந்த அன்றே என் நர்ஸ் பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது, "பாப்பா, மூக்குக்கண்ணாடிய எடு" என்றார். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். குனிந்து அவர் காதில், "இங்க வச்சு அப்பிடிக் கூப்பிடாதீங்கப்பா" என்றேன். "சரி பாப்பா" என்றார்.

அம்மா மத்தியானமே கஞ்சியோடு வந்துவிட்டார். கேட்டில் வாட்ச்மேன் என் முகத்தைப் பார்த்தான். வேப்பமரத்தடியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "நாலு மணிக்குத்தாம்மா" என்றேன். அம்மா முந்தானையால் தரையைத் தட்டிவிட்டு அந்த சௌராஷ்டிர அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நேர்மையாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.

சில நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. குளிரில் கட்டில் ஆடியது. யாரிடமோ பாடம் நடத்துவதுபோல உளறினார். சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஆளைப் பறிகொடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். வார்டு நர்ஸைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தேன். தண்ணீர் குடிக்கச் சொல்வதற்குக்கூட வாயில்லையா என்று கேட்டேன்.

அந்தப் பெண் அழவில்லை. "சொல்லிட்டுதான் சிஸ்டர் இருக்கேன். சார் மட்டுமில்ல, இந்த வார்டுல யாருமே குடிக்க மாட்டாங்க. குடிச்சா கேன் வைக்கணும், எங்களக் கூப்பிடணும்ல? வெக்கப்படுறாங்க. நாலு மணிக்கு வீட்டாளு வரவும்தான் குடிக்கிறாங்க."

அன்று நாலு மணிக்கு வார்டு வாசலில் நின்று பார்த்தேன். மனைவிமார் உள்ளே வந்ததும் கட்டிலுக்குக் கட்டில் டம்ளர் சத்தம். மாட்டுக்குத் தண்ணி காட்டியதுபோல ஆண்கள் மடக் மடக்கென்று குடித்தார்கள். பிறகு துணித் தட்டிகளை இழுத்து மறைத்துக்கொண்டார்கள். இந்த அமைதிக்குத்தான் எனக்குப் பாராட்டு கிடைத்தது. அங்கேயே கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

தெளிந்த பிறகு அப்பாவிடம் கேட்டேன். "பெல் இருக்குல்லப்பா? அடிச்சா என்ன?"

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இந்த நர்ஸுங்கள்ல ஒரு பிள்ள எங்கிட்ட படிச்ச பிள்ள பாப்பா. அதுகிட்டப் போயி எப்பிடிக் கேப்பேன்?"

அதிகாரியின் அறைக்குப் போனேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். எந்திரிக்க முடியாத ஒவ்வொருவருக்கும் வீட்டாள் ஒருவரை அனுமதியுங்கள், இல்லையென்றால் அந்த வார்டுக்கென்று ஓர் ஆண் உதவியாளரைக் கொடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள், அதுவரை எதையும் மாற்ற முடியாது என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஒரு பாஸை எடுத்து நீட்டினார். "உங்க அம்மாவுக்கு மட்டும் மேடம். முழு நாளும் இருக்கலாம்."

வார்டுக்கே கேட்கப் போனவள் ஒரே ஒரு பாஸை வாங்கிக்கொண்டு வந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்பாவின் உதடு வெடித்திருந்ததை நீங்கள் பார்க்கவில்லை.

கேட்டுக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். எல்லாருக்கும்தான் திறந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். "அம்மாவுக்கு மட்டுந்தான்" என்று நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. கூடைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த சௌராஷ்டிர அம்மா மட்டும் பக்கத்தில் வந்து, "அதனால என்ன சிஸ்டர். எங்க வீட்டுக்காரருக்கும் ரெண்டு வாய் தண்ணி குடுக்கச் சொல்லுங்க, உங்க அம்மாகிட்ட" என்றார்.

அம்மா தண்ணீர் மட்டும் கொடுக்கவில்லை. மகன் வயதுக்காரர்களுக்கும் தம்பி வயதுக்காரர்களுக்கும் கேன் வைத்தார். "எங்கிட்ட என்னய்யா வெக்கம், குடி" என்று மிரட்டிக் குடிக்க வைத்தார். மத்தியானம் மரத்தடிக்குப் போய் யார் எம்புட்டுச் சாப்பிட்டார் என்று தகவல் சொல்லிவிட்டு வந்தார். சம்பளம் வாங்கும் நாங்கள் இத்தனை பேர் இருக்க, அந்த வார்டை என் அம்மாதான் நடத்தினார். அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கியது.

சென்னைக்காரர்கள் வந்த அன்று நான்தான் முன்னால் நடந்து வார்டு வார்டாகக் காட்டிக்கொண்டு போனேன். ஆண்கள் வார்டுக்குள் நுழையவும், நெசவாளரின் தட்டியிலிருந்து அம்மா கேனோடு வெளியே வரவும் சரியாக இருந்தது. வந்தவர்களில் மூத்தவர் நின்றுவிட்டார். "இவங்க யாரு? ஸ்டாஃபா?"

நிர்வாக அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தொங்கும் காலோடு அப்பா தலையைத் தூக்கினார்.

"என் சம்சாரம் சார். எனக்குக் காய்ச்சல் அதிகமாப் போச்சு, அதனால உள்ள விட்டாங்க. இங்க எல்லாம் நல்லா கவனிக்கிறாங்க. மேடம் ஒரு குறையும் வைக்கல." என்னைக் காட்டித்தான் சொன்னார். நெசவாளரும் "ஆமா சார்" என்றார். மற்ற கட்டில்களிலிருந்தும் ஆமா ஆமா என்று குரல் வந்தது.

பெரியவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு நடந்தார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று நான் சொன்னதை, என் வேலை போய்விடக் கூடாதே என்று, அன்றைக்குப் பார்த்து நினைவில் வைத்திருந்தார்.

அம்மா இன்னும் நடுவழியிலேயே கேனைப் பிடித்தபடி நின்றிருந்தார். அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அம்மா பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கோட்டு அழுக்காயிரும். நீ போம்மா, அவுக காத்துக்கிட்டு இருக்காக."

லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு அவர்கள் காத்திருந்தார்கள். நான் போனேன்.