அக்காவின் இணையத்தளமும் ஏழாம் நம்பர் மலையும்

இழுத்துப் போட்டு இணையத்தளம் கட்டுகிற மென்பொருள்களைப் போன வருடம் வரைக்கும் எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. படத்தைப் பிடித்து இழு, பெட்டிக்குள் போடு, நிறத்தை மாற்று, வேலை முடிந்தது. அவ்வளவுதான் என்றால், எதற்கு ஒருத்தி ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்குத் தினமும் பஸ் ஏறி வந்து, புடவைக்கடை மாடியில் நடந்த வகுப்பில் உட்கார்ந்து, வரி வரியாகக் கோட் எழுதப் படிக்க வேண்டும்? எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த வகுப்புக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. இருக்கட்டுமே, சும்மா வந்த திமிரா அது?

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது அரை நாள் சம்பளம். அந்த மென்பொருளில் செய்கிற வேலை எனக்கு அரைப்பேர் வேலை. பதுளை பஜாரில் மசாலாக்கடை வைத்திருக்கும் முதலாளிக்கும் பண்டாரவளையில் இரண்டு மூன்று கடைகளுக்கும் நான் கையால் எழுதிக் கொடுத்த தளங்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் பட்டென்று திறக்கும். முதலாளி, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டித் திறந்து காட்டுவார். அதைப் பார்க்கப் பார்க்க என் தலை இன்னும் கொஞ்சம் நிமிரும்.

அக்காவுக்கும் அப்படி ஒன்றைத்தான் செய்து கொடுத்தேன். அக்கா வாழ்க்கைப்பட்டது எல்லவுக்குக் கீழே இருக்கிற ஒரு தோட்டத்தில். அவள் கணவர் தவறிப் போன பிறகு வந்த சேமலாப நிதியை வைத்து, தோட்டத்தில் கிடைத்த வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டினாள். முழங்கால் வலியில் மலை ஏற முடியவில்லை, கொழுந்து எடுக்கப் போவதை விட்டுவிட்டாள். எல்லவுக்குச் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்கினால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. வராவிட்டால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவது. ஆள் அனுப்புகிறவர் ஒருவர் கடவுச்சீட்டு வரைக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டு, சித்திரை வருசப் பிறப்புக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. அந்தப் பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்குப் போன அம்மாக்களின் பிள்ளைகளோடு நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அடுத்தவர் வீட்டில் அவர்கள் எப்படி வாயடங்கி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெரிய புக்கிங் தளங்களில் பதியப் போனால் தெருப் பெயர் கேட்டார்கள், வீட்டு இலக்கம் கேட்டார்கள். தோட்டத்து வீட்டுக்கு ஏது தெரு? கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். ஆகவே நமக்கென்று ஒரு தளம், அதில் வழி விவரம், அறை கேட்டு எழுத ஒரு பெட்டி என்று முடிவாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி பார்த்தேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடையிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சுவாமிக்கு அலங்காரம் செய்கிற மாதிரியல்லவா இருக்கிறது என்று கேலி செய்தார். உண்மையாகவே அழகாக இருந்தது. இப்போதும் சொல்வேன், அழகாக இருந்தது.

வழியை அக்கா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். சந்தியில் இறங்குங்கள், ஏழாம் நம்பர் மலைக்குப் பக்கத்துப் பாதையில் ஏறுங்கள், மலை முடிகிற இடத்தில் வீடு. எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தேயிலை மலைக்கு நம்பர் உண்டு. நாங்கள் பிறந்ததிலிருந்து அந்த நம்பரை வைத்துத்தான் இடம் சொல்கிறோம். அது துரைக்கும் கங்காணிக்கும் கொழுந்தெடுக்கிறவர்களுக்கும் மட்டும் தெரிந்த நம்பர், மலையில் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது என்பது இரண்டு பேருடைய மண்டைக்கும் எட்டவில்லை. அது போதாதென்று மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டம் இரண்டு பிரிவு. இரண்டு பிரிவிலும் ஒவ்வொரு ஏழாம் நம்பர் மலை.

முதலில் வந்தவர்கள் கைக்குழந்தையோடு ஒரு புருசன் பொஞ்சாதி. சந்தியில் ஆட்டோவை விட்டு இறங்கி, எதிரே வந்த ஒரு அம்மாவிடம் ஏழு என்று விரலால் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். அவர் கீழ்க்கணக்கு, அக்கா வீடு மேல்கணக்கு. மகா அன்பாகத் தன்னுடைய ஏழாம் நம்பருக்குக் கூட்டிப் போய் விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்து மிஸ்ட் இறங்கி மலையை மூடிவிட்டது. அக்கா வாசலில் நின்று வழி பார்க்கிறாள், அவர்கள் எதிர்மலையில் தேயிலைக்குள் சுற்றுகிறார்கள். கடைசியில் கொழுந்தெடுத்த பெண்கள் மலைக்கு மலை கூவிச் சொல்லி, அந்திக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். குழந்தை நனைந்து விறைத்துப் போயிருந்ததாம். அட்டைக் கடி வேறு. விடிந்ததும் அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா எனக்குப் போன் எடுத்தாள். அந்த வரியை உடனே மாற்று, இன்றைக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் தங்க வருகிறார்கள் என்றாள். நான் மொனராகலையில் ஒரு விதைக்கடைக்காரருடைய வேலையாகப் போய் அங்கேயே தங்கியிருந்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டர் இருக்கிறது என்றாரே என்று லேப்டாப்பைப் பதுளையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரியை மாற்றத் தேவையான எல்லாம் லேப்டாப்புக்குள் கிடந்தது. அக்காவிடம் போன் இருந்தது, நேரம் இருந்தது, சரியான வழியும் தெரியும். ஆனால் அவளால் ஒரு எழுத்தை அசைக்க முடியாது. சாயந்தரம் வந்து மாற்றுகிறேன், நீ சந்தியில் போய் நில் என்றேன். முழங்காலை இழுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். அந்தப் பெண் பிள்ளைகளோ முந்திய ரயிலிலேயே வந்து, தேடிப் பார்த்து, அலுத்துப் போய்த் திரும்பி, எல்ல டவுனில் அறை எடுத்துவிட்டார்கள்.

பதுளைக்குப் போகிற வழியில் இறங்கி அக்கா வீட்டுக்கு ஓடினேன். அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்த சோற்றை எனக்குப் போட்டாள். பருப்பு, பலாக்காய்ப் பிரட்டல், பப்படம். ஏசுவாள் என்று பார்த்தேன், ஏசவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாள்:

“வீடு என்னோடது. சாவிய மட்டும் நீ வச்சிருக்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராவும் பகலும் உட்கார்ந்து செய்து கொடுத்தால் இதுதானா பேச்சு என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை, நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, உன் அக்காவுக்கு வேண்டியது உன் கைவேலையா, அறைக்கு ஆளா என்று மட்டும் கேட்டார். நல்ல ஆளைக் கட்டினேன். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் அந்த அரைப்பேர் மென்பொருளைத் திறந்தேன். சும்மா சொல்லக் கூடாது, முதலில் நன்றாக எரிச்சல் மூட்டியது. ஒன்றுமில்லாத பக்கத்துக்குக்கூட ஊர்ப்பட்ட சுமையை ஏற்றி வைத்திருந்தது. நகர்கிற படம், மின்னுகிற பட்டன் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். புகைப்படங்களைச் சுருக்கினேன். சிக்னல் ஒரு கோடு மட்டும் வருகிற அக்காவின் அடுப்படியில் நின்று திறந்து பார்த்து, திறக்கிற வரைக்கும் குறைத்துக்கொண்டே போனேன். பிறகு அவள் போனிலேயே காட்டிக் கொடுத்தேன். இதைத் தொடு, இழு, விடு. கொழுந்தெடுத்து வெடித்த விரல் நுனி, ஒரு தடவை தொட்டால் போனுக்குத் தெரியாது. அழுத்தி இரண்டாம் தடவை தொடுவாள். நான் பஸ் ஏறுவதற்குள்ளேயே தலைப்பை மாற்றியிருந்தாள்.

அந்த வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமா? திறந்து பார்த்தால் எழுத்தெல்லாம் மஞ்சள். மறுநாள் மேலே ஒரு ரோஜாப்பூ. அதற்கடுத்த நாள் பூ இரண்டாகிவிட்டது. என் பெயரை அடியில் போட்டிருந்தேன், அதை மட்டும் மெதுவாகக் கழற்றிக்கொண்டேன். எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று தண்ணீர் தெளித்து விட்டுவிடலாமா என்றுகூட வந்தது.

ஆனால் வழி சொல்கிற பக்கத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பை விட்டுவிட்டேன். ஏழாம் நம்பர் மலை இல்லை. சந்தியிலிருந்து தன் வாசல் வரைக்கும் போனோடு நடந்து, ஒரு வழிப்போக்கன் எங்கே தயங்குவானோ அங்கெல்லாம் நின்று படம் பிடித்திருந்தாள். மடுவத்தின் தகரக் கூரை, நீலத் தண்ணீர்த் தாங்கி, பிள்ளையார் கல்லுக்குப் பக்கத்தில் இடது கைப் பாதை. கடைசி லயத்து நாய்க்கும் ஒரு படம், அடியில் மகள் எழுதிக் கொடுத்த இங்கிலீஷ்: குரைக்கும், கடிக்காது. அந்த நாய் எனக்குத் தோன்றியே இருக்காது. நாயைப் பார்த்தவுடனே வந்து சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்துகொள்கிறார்களாம். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வருகிறார்களாம்.

மாசி மாதத்தில் ஒரு மழை. பிள்ளையார் கல்லுக்கு மேலே பாதை சரிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, பதறியடித்து லேப்டாப்பை எடுத்தேன். பக்கத்தைத் திறந்தால் அக்கா விடியும்போதே பழைய படத்தை எடுத்துவிட்டு, மடுவத்துக்குப் பின்னால் போகிற சுற்றுப்பாதையைப் போட்டு முடித்திருந்தாள். எழுத்து அதே மஞ்சள்தான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு முற்றத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைக் கேட்காமலே ஒரு காரியம் சரியாக நடந்துவிடுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கையால் எழுதுவதை நான் விட்டுவிடவில்லை. முதலாளியின் கடைத் தளத்தில் ஒரு புள்ளியைக்கூட அந்த மென்பொருளுக்குக் கொடுக்க மாட்டேன். அவர் தளத்தில் வருடத்துக்கு ஒரு மாற்றம் வந்தால் பெரிது. ஆனால் இப்போது யார் வந்து கேட்டாலும், என்ன நிறம், எத்தனை பக்கம் என்பதற்கு முன்னால், நாளைக்குக் காலையில் இதில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் யார் மாற்றுவார்கள் என்று கேட்கிறேன். பதிலைப் பொறுத்து எதில் செய்வதென்று முடிவு.

வருசப் பிறப்புக்கு முந்திய வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு அறையிலும் ஆள். வாசலில் அவர்கள் கழற்றிப் போட்ட சேற்றுச் சப்பாத்துகள் வரிசையாகக் கிடந்தன. அக்கா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, ஆள் அனுப்புகிறவர் போன் எடுத்தார். கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். டிக்கட் போடவா என்று அவர் கேட்டார். மகள் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

“நான் வரல்லீங்க. வீட்டுல ஆளுங்க இருக்காங்க, விட்டுட்டு வர முடியாது” என்றாள் அக்கா. அவர் ஏதோ சொல்ல வந்தார். சரிங்க, வைக்கிறேன் என்று முடித்துவிட்டு அடுத்த ரொட்டியைத் தட்டினாள். மகள் துருவுவதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி துருவினாள்.

குவைத் பேச்சு வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சொன்னதைச் செய்தாள், கொடுத்ததைத் தின்றாள். அடுத்தவர் வீட்டில் இருக்கிற பிள்ளை மாதிரிப் பதவிசாக இருந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று சாயந்தரம் அக்கா எண்ணெய்ப் போத்தலோடு வந்து, தலையைக் காட்டு, பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டாள். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

“எனக்கு எண்ணெ புடிக்காது. இன்னக்கி மட்டுமில்ல, நாளைக்கும் வைக்க மாட்டேன், நாளன்னைக்கும் வைக்க மாட்டேன். என்ன செய்வீங்களோ செய்ங்க.”

அக்காவும் விடவில்லை, குரலை உயர்த்தினாள். ஆத்தாளும் மகளும் அடுப்படி அதிரச் சண்டை பிடித்தார்கள். அறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் கேட்டாள். ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொன்னேன்.