சிவப்பு எரியுது, ஆளை அனுப்புங்க

இன்டர்நெட் தொழில் என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். முக்கால்வாசி ஏணி தூக்குவதும், வேப்பங்கிளை வெட்டுவதும், எலி கடித்த இடத்தைத் தேடி அலைவதும்தான் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நானும் என் வீட்டுக்காரர் செல்வமும் சேர்ந்து ஆரம்பித்தது. கோச்சடையில் ஒரு மாடி அறைதான் ஆபீஸ். பெரிய கம்பெனி ஒன்றிடம் மொத்தமாக நெட் வாங்கி, கம்பத்துக்குக் கம்பம் ஃபைபர் ஒயர் இழுத்து, கோச்சடையிலும் சமயநல்லூர்ப் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகக் கொடுக்கிறோம். ஏணியில் ஏறுவது அவர். ஒயருக்குள் முடி கனத்தில் இருக்கும் கண்ணாடி இழையை ஜாயின்ட் போடுவது நான்.

உங்கள் வீட்டு ரவுட்டரில் பச்சை எரிந்தால் லைன் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் எங்கேயோ அறுந்துவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தப் போனை எடுத்தவர்கள் நாங்கள். உங்களுக்கும் எங்களுக்கும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

வீட்டுக்காரர் எங்க?

ஆரம்பித்த புதிதில், கோச்சடையில் ஒரு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கப் போனோம். செல்வம் வெளியே கம்பத்தில் இருந்தார். நான் ஜாயின்ட் மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். வீட்டுக்காரப் பெரியவர் என்னை ஹாலில் உட்கார வைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, "ஆள் வரட்டும்மா, அதுவரைக்கும் நீ இரு" என்றார். நான்தான் அந்த ஆள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். நான் இழையை உரித்து, துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து ஒட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பச்சை எரிந்தது. அவருடைய மருமகள் போனில் வீடியோ போட்டுக் காட்டினாள். நிற்காமல் ஓடியது. பெரியவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

"எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. எதுக்கும் ஒருக்க உன் வீட்டுக்காரரையும் வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு."

ரெண்டு ஒயர்

சமயநல்லூரைத் தாண்டி உள்ளே ஓர் ஊர். பெயர் வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து போனால் முதலில் காலனி வரும், அப்புறம்தான் ஊர்த்தெரு. கம்பங்களும் அந்த வரிசையில்தான் நிற்கின்றன. அதனால் காலனியின் முதல் கம்பத்தில் லைனைப் பிரிக்கிற பெட்டியை மாட்டி, அங்கிருந்து ரெண்டு பக்கமும் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ஊர்த்தெருவில் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து மோர் கொடுத்தார். அன்பாகத்தான் பேசினார். "பெட்டி அங்கிட்டு இருந்தா, அவிங்க எதையாச்சும் அமுத்திவிட்டா எங்களுக்கு நின்னு போயிரும்ல? அதுக்குத்தான் சொல்றேன், வேற ஒண்ணும் இல்ல. பெட்டிய எங்க தெருவுல வைங்க. இங்கருந்து அவுகளுக்குக் குடுங்க."

பெட்டிக்குப் பூட்டு உண்டு, அமுத்துவதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்று செல்வம் விளக்கினார். அவர் தலையாட்டினார். ஆனால் ஊர்த்தெருவிலிருந்து ஒரு வீடுகூட இணைப்புக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் காலனிப் பெட்டியை யாரோ கல்லால் அடித்து உடைத்திருந்தார்கள். புதுப்பெட்டி மாட்டினோம். அதையும் உடைத்தார்கள். காலனியில் திவ்யா என்று ஒரு பெண், பேங்க் பரீட்சைக்கு நெட்டில் வகுப்புக் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை உடையும்போதும் போன் பண்ணுவாள். கோபப்படமாட்டாள். "அக்கா, திரும்பவும்" என்று மட்டும் சொல்வாள்.

போலீஸுக்குப் போகலாம் என்று செல்வம் காலனிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார். "நீங்க போயிருவீங்க, நாங்க இங்கதான இருக்கணும்" என்றுவிட்டார்கள். கடைசியில் மெயின் ரோட்டிலேயே ஒரு பெட்டி வைத்து, ஊர்த்தெருவுக்குத் தனியாகக் கண்மாய்க்கரை வழியாக இன்னொரு ஒயர் இழுத்தோம். ஊர்த்தெருவில் வரிசையாக இணைப்புக் கேட்டார்கள். உடைப்பும் நின்றது. வேலை முடிந்த அன்று திவ்யா வெயிலில் நின்று ரெண்டு ஒயரையும் அண்ணாந்து பார்த்தாள். ரெண்டும் ஒரே பெட்டியிலிருந்துதானே வருது என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அது அவுகளுக்குத் தெரியுமாக்கா?"

வைக்கோல் டிராக்டர்

அறுவடை நேரம். ஒரு வீட்டில் லைன் வந்து வந்து போகிறது என்று புகார். செல்வம் தெருவில் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறியிருந்தார். நான் வீட்டுக்குள் ரவுட்டர் முன்னால் உட்கார்ந்து, "இப்ப பச்சை, இப்ப சிவப்பு" என்று ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டிருந்தேன். பச்சை நிலையாக நின்றது. "விட்றாதீங்க, அப்படியே கட்டுங்க" என்றேன். சட்டென்று சிவப்பு வந்தது.

வெளியே என்ன நடந்தது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். வைக்கோலை மலை மாதிரி ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்திருக்கிறது. ஏணிக்கு அடுத்த கம்பத்துப் பக்கம் ஒயர் கொஞ்சம் தொய்ந்து கிடந்திருக்கிறது. வைக்கோல் அதைக் கொக்கி மாதிரி பிடித்து இழுக்க, ஒயரோடு ஏணியும் போனது. டிராக்டர்காரருக்குப் பின்னால் நடந்தது எதுவும் தெரியவில்லை. யாரோ விசில் அடித்துக் கூப்பிட்ட பிறகுதான் நிறுத்தினார்.

நான் ஓடிப்போனபோது செல்வம் ரோட்டோரம் மல்லாந்து கிடந்தார். ரத்தம் இல்லை. அதனால் எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. எழுந்திருங்க என்று கையைப் பிடித்தேன். அவர் தன் கால்களைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கால்களைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். டிராக்டர்காரர் அழுதுகொண்டே வந்து அவர் பக்கத்தில் மண்டி போட்டார். முதுகு ஆடாமல் பலகை மாதிரி எதிலாவது வைத்துத் தூக்க வேண்டும் என்று ஒருவர் பழைய கதவு தேடி ஓடினார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் செல்வம் பேசியது ஒன்றே ஒன்றுதான்.

"நான் கெடக்கேன், கவிதா. நீ மொதல்ல அந்த ஒயர ரோட்ட விட்டு எடு. டூவீலர்ல வர்ற எவனாச்சும் கழுத்துல மாட்டிக்கிருவான்."

ஆளை மாத்துங்க

பெரியாஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். நடையைப் பற்றிக் கேட்டபோது டாக்டர் என்னைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்துப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்து சில மாதம் செல்வம் யாரோடும் பேசவில்லை. ஏணியில் ஏற பாண்டி என்று ஒருவரை வேலைக்கு வைத்தேன். அவரிடம் எந்தக் கம்பம், எந்தச் சந்து என்று நான் தப்புத்தப்பாக வழி சொல்வதைப் படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், ஒருநாள் போனை என் கையிலிருந்து வாங்கினார். அன்றிலிருந்து புகார் போன் எல்லாம் அவருக்குத்தான். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி பேசுவார். முகம் கொஞ்சம் தெளிந்தது.

கோச்சடை அபார்ட்மென்டில் ஒரு வாடிக்கையாளர். வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவர். ஒருநாள் லைன் போய்விட்டது. செல்வம் போனில், ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார், பின்னால் இருக்கும் ஒயரைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தியது எனக்கும் கேட்டது. "சும்மா ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு அதப் பாரு இதப் பாருன்னு சொல்லாதீங்க. எந்திரிச்சு வந்து பாருங்க!" செல்வம் கால்மேல் கிடந்த போர்வையை இழுத்துவிட்டார். அப்புறம், "வாரேன் சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் போனேன். போகிற வழியெல்லாம் அந்த ஆளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் பேசிக்கொண்டே போனேன். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்த்ததும், ரவுட்டர் எங்கே சார் என்று மட்டும்தான் கேட்டேன். ஏற்கெனவே வேலையிலிருந்து எடுக்கப்போகிறவர்கள் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். முக்கியமான மீட்டிங்கில் பாதியில் அறுந்துவிட்டது. வேலை போனால் வீட்டு லோன் என்னாகும் என்று அவர் மனைவி சமையல்கட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். அலமாரிக்குப் பின்னால் ஒயர் மடங்கி உடைந்திருந்தது. சரிசெய்தேன். பச்சை வந்ததும் அவர் மூச்சு விட்டார். கிளம்பும்போது எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீங்க கரெக்டா வந்துர்றீங்கம்மா. ஆனா போன்ல பேசுறவரு பெரிய சோம்பேறி. ஆளை மாத்துங்க."

மனசும் பிள்ளைகளும்

அப்புறம் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கலர் பனியன் போட்ட பையன்கள் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்தார்கள். முதல் சில மாதம் இலவசம், கூடவே டிவி சேனல்கள், படங்கள். நாங்கள் இழுத்த ஒயருக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஒயரும் தொங்கியது. எங்கள் ரவுட்டர்கள் ஒவ்வொன்றாக ஆபீஸுக்குத் திரும்பி வந்தன. மூலையில் அடுக்கிவைத்தோம்.

செல்வம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த ஓர் அக்கா உண்டு. அவரும் மாறிவிட்டார். பழைய ரவுட்டரைத் தூசி துடைத்து, துணிப்பையில் போட்டு, அவரே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். செல்வம் இருக்கும் கட்டில் பக்கம் போகாமல் வாசலோடு நின்றார்.

"மனசு எம்புட்டுக்கும் உங்க பக்கந்தான் தங்கச்சி. வீட்ல பிள்ளைக கேக்க மாட்டேங்குதுக."

நின்றுபோன படம்

கோச்சடையில் பரமசிவம் ஐயா என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் குமார் சிங்கப்பூரில். ஹாலில் ஒரு கேமராவை மாட்டி, அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துக்கொள்வார். படம் கொஞ்சம் நின்றால் உடனே எங்களுக்குப் போன் வந்துவிடும். ஐயாவுக்கு அந்தக் கேமரா பிடிக்காது. "டிக்கெட் எடுக்காம ஏறுனவனப் பாக்குற மாதிரி எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்கான்" என்பார். ஆனால் கேமரா பக்கம் முகம் தெரிகிற மாதிரிதான் நாற்காலியைப் போட்டிருந்தார்.

ஒருநாள் காலை குமார் போன் பண்ணினார். "அண்ணே, படம் ஃப்ரீஸ் ஆயிருச்சு. அப்பா சேர்ல உக்காந்த மாதிரியே நிக்கிது. போனும் எடுக்க மாட்டேங்கிறாரு, சரிபண்ணச் சொல்லுங்க." செல்வம் லேப்டாப்பில் அந்த வீட்டு லைனைப் பார்த்தார். நன்றாக இருந்தது. நெட் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். குமாரிடம், "ஆள் வருது தம்பி, வச்சிராதீங்க" என்று மட்டும் சொல்லி, போனை என்னிடம் கொடுத்தார்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மணி அடித்தேன், தட்டினேன். சுற்றிக்கொண்டு போய் ஹால் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். ஐயா நாற்காலியில் இருந்தார். மடியில் பேப்பர். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டேன். போன் காதில்தான் இருந்தது.  அப்புறம் குமார் மெதுவாக, "அக்கா, ஜன்னல்ல நீங்க தெரியிறீங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். குமாருக்கு மறுநாள்தான் விமானம் கிடைத்தது. அதுவரை கேமராவை யாரும் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மத்தியானம் தெருவில் கரண்ட் போனது. ஆபீஸ் பேட்டரியை பாண்டி தோளில் தூக்கிக்கொண்டு வந்து அந்த வீட்டு ரவுட்டருக்கும் கேமராவுக்கும் இணைப்புக் கொடுத்தார். ஐயாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைக்கும்படி செல்வம் போனில் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குமார் ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். செல்வத்தை அன்றுதான் முதல்முறையாக நேரில் பார்க்கிறார். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் கோபத்தில் ஏதாவது பேசியிருந்தால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அதெல்லாம் இல்லை தம்பி என்று செல்வம் சொன்னார். குமார் ரவுட்டர் ஒயரைச் சுருட்டிக் கட்டிலோரம் வைத்தார்.

"இம்புட்டு வருசத்துல அன்னிக்கு ஒரு நாள்தான்ணே, படம் ஒரு தடவகூட நிக்கவே இல்ல."

இப்போதெல்லாம் யாராவது போன் போட்டு எங்களை வாய்க்கு வந்தபடி திட்டினால், அந்த வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.