மூன்றே இதழ் வாழ்ந்த வீரன்

என் கணவருக்கு ஒரு வீரன் மேல் அப்படியொரு பைத்தியம். அறுபதுகளில் மூன்றே இதழ்களோடு கடையைச் சாத்திய ஓர் அமெரிக்கக் கொமிக் புத்தக நாயகன். அவன் விசிலடித்தால் எதிரிகள் அப்படியே உறைந்துபோவார்கள். அவ்வளவுதான் அவனுடைய சக்தி. மூன்று இதழ் வந்ததே பெரிய விஷயம் என்பேன் நான். இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவனைத் தெரிந்த இன்னொருவரை ஒருநாளாவது சந்திக்கவேண்டும் என்பதுதான் இவருடைய ஆசை.

அதற்காகவே, ஓய்வுபெற்ற கையோடு, சிட்னியில் நடந்த, ஆட்கள் வேஷம் கட்டி வரும் கொமிக் விழாவுக்கு அவனைப்போல வேஷம் கட்டிப் புறப்பட்டார். வீரனின் முதுகில் ஊதாத் துணி தொங்கவேண்டுமாம். என் பழைய ஊதாச் சேலையை வெட்டித் தைத்துக் கொடுத்தேன். சரிகைக் கரையை வெட்டியெறிய மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.

அதுதான் வினையாய்ப் போயிற்று. எங்கள் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் இரண்டு பேரும் ரயில் ஏறியதிலிருந்து எல்லோருக்கும் இவர் இந்திய மகாராஜாதான். மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையில் நின்று மகாராஜாவோடு படம் எடுத்தார்கள். இவரும் சளைக்காமல், பிளாஸ்ரிக் உறையிலிருந்த மூன்றாம் இதழைக் காட்டி விளக்கினார். தலையாட்டிவிட்டுப் போனார்கள். மத்தியானம், "வாரும், வீட்டை போவம்" என்றார். பாவமாக இருந்தது.

வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து நீளமாய் ஒரு விசில். இவர் தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டார். திரும்பினால், நடைவண்டியோடு ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, வாயில் இரண்டு விரல். விரலை எடுத்ததும் வீரனின் பெயரைச் சொல்லிக் கத்தினார். உலகத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைத்திருந்தாராம்.

இரண்டு பேரும் படியில் குந்தியிருந்து பேசினார்கள், பேசினார்கள், சண்டையும் பிடித்தார்கள். கொண்டுபோன ரோல்ஸ் முழுவதையும் நானே சாப்பிட்டு முடித்தேன். இவரை அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதேயில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

திரும்பும் ரயிலில், கலியாணம் கட்டிய இத்தனை காலத்தில் முதல்தடவையாக, "இஞ்சருங்கோ, அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ, வாசிச்சுப் பாப்பம்" என்றேன்.

இவர் என்னையே பார்த்தார். உறையைத் திறக்கப்போனவர், கையை எடுத்துவிட்டார்.

"மூண்டாவதை முதல் வாசிக்கப்படாது. வீட்டை போய் முதலாவதிலையிருந்து தொடங்கும்."

எங்கள் ஸ்டேஷனுக்கு இன்னும் நேரமிருந்தது. இவர் இறங்க ஆயத்தமாய் எழுந்து கதவடியில் போய் நின்றுகொண்டார்.